தாயின் மூளையில் இருந்த விடை: படுவான்கரைக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெற்றோரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஊர், வயது, தொழில் போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

மட்டக்களப்பில் சிறுபிள்ளை வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு வலிப்போடு வரும் குழந்தை புதிதல்ல. இந்தக் குழந்தையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நரம்புக்கலத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு புரதம் என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்திருந்ததால், ஒரு வீட்டில் மூன்று பேர்மேல் விழுந்திருந்த பழி நீங்கியது. ஆய்வுகூடத்து அறிவு வார்டுக்கு எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்தக் குடும்பத்தைத்தான் சொல்வேன்.

வந்த விதம்

ஐந்து மாத ஆண் குழந்தை, வீட்டுக்கு முதல் பிள்ளை. நிறைமாதத்தில் சுகப்பிரசவம், பிறப்பு நிறை 2.9 கிலோகிராம், பிறந்தவுடன் அழுதிருக்கிறான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயலும் மாடுமாக வாழும் குடும்பம். “நித்திரையால எழும்பினா திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுறான்” என்பதுதான் தாய் சொன்ன முறைப்பாடு. ஒரு மாதமாக அப்படி. வயிற்றுக்குத்து என்று ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்தார்கள். பயந்துவிட்டான் என்று தண்ணீர் ஓதி, கையில் நூலும் கட்டியிருந்தார்கள்.

தகப்பன் கைத்தொலைபேசியில் ஒரு காணொளி எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. தலை முன்னால் விழுகிறது, இரண்டு கைகளும் விரிந்து உயர்கின்றன, ஒரு நொடி, இரண்டு நொடி, தளர்கிறது. சில நொடிகள் விட்டு மறுபடியும் அதே அசைவு. அப்படியே வரிசையாக வந்து, முடிவில் அழுகை. இது சிசு வலிப்புத் தசைப்பிடிப்பு. 1841இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் வெஸ்ட் தன் சொந்த மகனிடம் கண்டு, மற்ற மருத்துவர்களிடம் உதவி கேட்டுக் கடிதமாக எழுதிய நோய் இதுதான். வீட்டார் வயிற்றுக்குத்து என்று நினைத்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று ஊர் முழுக்க நம்புகிறது, இதுவோ பார்வைக்கு வெறும் திடுக்கிடல். எழுதப்படிக்கத் தெரிந்த எல்லாப் பெற்றோருக்கும் நான் சொல்வது, விளங்காத அசைவு ஒன்றைக் கண்டால் பேசுவதற்கு முன் படம் பிடியுங்கள்.

பரிசோதித்தபோது உடம்பு துவண்டிருந்தது. தூக்கினால் தலை நிற்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சிரிப்பது இல்லை, வெளிச்சத்தைக் கொஞ்சம் தொடர்கிறான். பிறக்கும்போது 34 சென்ரிமீற்றராக இருந்த தலைச் சுற்றளவு இப்போது 40. பிறக்கும்போது சரியாக இருந்து, பிறகு வளர்ச்சிக்கோட்டில் கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது. முகத்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. தோலில் வெள்ளைத் திட்டுகள் இல்லை, ஈரலும் மண்ணீரலும் வீங்கவில்லை.

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் ஒழுங்கற்ற, மிக உயரமான அலைகள் மண்டை முழுவதும் பரவியிருந்தன. ஹிப்ஸரித்மியா என்று அதற்குப் பெயர். குருதியில் குளுக்கோசு, கல்சியம், உப்புகள் எல்லாம் சரியாக இருந்தன.

சி.ரி. ஸ்கான் படத்தைப் பார்த்தபோதே கதை மாறிவிட்டது. மூளையின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய மடிப்புகள் முன்பக்கத்தில் கிட்டத்தட்ட இல்லை. கர்ப்பகாலக் கிருமித் தொற்றில் சில வேளை தெரியும் கல்சியப் படிவும் இல்லை. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சாதாரணமாக மூளையின் மேற்பட்டை 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ளது. இவனுக்கு அது 10 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தது. வழுவழுப்பான, தடித்த மேற்பட்டை. முன்பக்கம் மோசம், பின்பக்கத்தில் சில மடிப்புகள் தப்பியிருந்தன. லிஸ்ஸென்செபாலி, அதாவது வழுவழுப்பான மூளை, என்று எழுதி அறிக்கை வந்தது.

தாயின் கிளினிக் கொப்பி

பெயர் கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை. லிஸ்ஸென்செபாலிக்கு வழி ஒன்றல்ல. அதிகம் காணப்படும் காரணம் 17ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கும் லிஸ்-1 மரபணுவின் கோளாறு. அது 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் மூளையின் பின்பக்கம் மோசமாக இருக்கும். இந்தக் குழந்தைக்கு முன்பக்கம்தான் மோசம். அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கும் டபுள்கோர்ட்டின் மரபணுவைச் சுட்டும் அடையாளம். எக்ஸ் நிறமூர்த்தம் என்றால் ஆண் குழந்தைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே குழந்தையின் படத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தாயிடம் பேச உட்கார்ந்தோம்.

தாய்க்கு இருபத்தேழு வயது. தன்னைப் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து குழந்தையின் அட்டையை எடுக்கும்போது இன்னொரு கொப்பி வெளியே வந்தது. பெரியவர்களுக்கான நரம்பியல் கிளினிக் கொப்பி. பதின்மூன்று வயதிலிருந்து வலிப்பு. கார்பமசபின் குளிசை எடுக்கிறார், கர்ப்பகாலத்திலும் எடுத்திருக்கிறார். சாதாரண தரம் வரை படித்தவர், கணக்கு மட்டும் கடைசிவரை கைவரவில்லை என்றார். சமையல், தையல், வீட்டுக் கணக்கு எல்லாம் அவர்தான் பார்க்கிறார். சின்ன வயதில் எடுத்த சி.ரி. ஸ்கானில் எதுவும் தெரியவில்லை. அதில் வியப்பில்லை, நாங்கள் தேடிய மாற்றம் சி.ரி.யில் தப்பிவிடக்கூடியது.

தாய்க்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மேற்பட்டை நல்ல வடிவில் மடிப்போடு இருந்தது. அதற்குக் கீழே, நரம்புகளின் நீட்டங்கள் ஓடும் வெண்சடப்பொருளின் நடுவில், இருக்கக் கூடாத இடத்தில், நரம்புக்கலங்கள் நிறைந்த சாம்பல்நிறச் சடப்பொருள் ஒரு பட்டியாக இரண்டு பக்கமும் ஓடியது. இரட்டை மேற்பட்டை. மகனுக்கு வழுவழுப்பான மூளை, தாய்க்கு இரட்டைப் பட்டி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது மரபணு அறிக்கை வருவதற்கு முன்பே விடை தெரிந்துவிட்டது. கொழும்புக்குப் போன குருதி மாதிரிகளின் முடிவும் அதையே சொன்னது. டபுள்கோர்ட்டின் மரபணுவில் ஓரெழுத்து மாற்றம். அந்த மரபணு உருவாக்கும், அதே பெயருள்ள புரதம், கலத்தின் நுண்குழாய்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பகுதியில் அந்த மாற்றம். மகனிடம் இருக்கும் ஒரே பிரதி பழுது, தாயிடம் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது.

நரம்புக்கலம் தன் இடத்துக்குப் போகும் வழி

இந்தப் புரதம் எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால் தாயும் மகனும் ஏன் இவ்வளவு வேறுபட்டார்கள் என்பது புரியாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

மூளையின் மேற்பட்டையில் இருக்கும் நரம்புக்கலங்களில் மிகப் பெரும்பாலானவை அங்கே பிறப்பதில்லை. உள்ளே, மூளையறைகளின் ஓரத்தில் பிறக்கின்றன. கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரை, உள்ளிருந்து மேற்பரப்பு நோக்கிப் பயணம் செய்கின்றன. அவை ஏறிப்போவது ஆரைத்தாங்கு கலங்கள் என்பவற்றின் நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டு. 1970களின் தொடக்கத்தில் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருக்களில் இதை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் காட்டினார். முதலில் போனவை ஆழமான படையில் தங்குகின்றன. பின்னால் வந்தவை அவற்றைக் கடந்து மேலே போய் அமர்கின்றன.

ஏறுகிற விதம் தென்னை ஏறுகிறவரைப் போன்றது. முதலில் கைகள் மேலே எட்டிப் பிடிக்கும், பிறகு உடம்பு இழுபட்டுப் போகும். நரம்புக்கலமும் முதலில் முன்பக்கமாக ஒரு நீட்டத்தை அனுப்புகிறது. பிறகு அந்த நீட்டத்துக்குள் மையவுடல் கொஞ்சம் முன்னே நகர்கிறது. கடைசியாகக் கலத்தின் கனமான உட்கரு இழுக்கப்பட்டு முன்னே வருகிறது. இழுக்கும் கயிறு நுண்குழாய். மையவுடலிலிருந்து கிளம்பும் நுண்குழாய்கள் உட்கருவைக் கூடு போலச் சூழ்ந்திருக்கின்றன. டைனீன் என்ற இயக்கப் புரதம் அவற்றைப் பிடித்து உட்கருவை முன்னோக்கி இழுக்கிறது. லிஸ்-1 புரதம் அந்த டைனீனுக்குத் துணை. பின்பக்கத்தில் அக்டின், மயோசின் என்ற புரதங்கள் சுருங்கி உந்துகின்றன.

நுண்குழாய், அக்டின் இழை, தடிப்பில் இவற்றுக்கு இடைப்பட்ட இடைத்தர இழை என்ற மூன்றையும் சேர்த்துத்தான் குழியவன்கூடு என்கிறோம். எலும்புக்கூடு என்ற நினைப்பில் இதை அசையாத சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. நுண்குழாய் அல்பா, பீட்டா என்ற டியூபுலின் சோடிகள் அடுக்கப்பட்டு உருவாவது. சாதாரணமாக 13 வரிசைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 25 நனோமீற்றர் விட்டமுள்ள குழாய் ஆகின்றன. அது நீண்டுகொண்டே போகும், திடீரென்று குலைந்து சுருங்கும், மறுபடி நீளும். ரிம் மிச்சிசனும் மார்க் கேர்ஷ்னரும் 1984இல் விவரித்த இந்த நிலையின்மைதான் அதன் பலம். கலம் வழி தேடும்போது தேவையற்ற பக்கம் போன குழாய் குலைந்துபோக வேண்டும், தேவையான பக்கம் போனது நிலைக்க வேண்டும்.

நிலைக்கச் செய்கிறவற்றில் ஒன்று டபுள்கோர்ட்டின். குழாயின் வரிசைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில், நான்கு டியூபுலின் சோடிகள் சந்திக்கும் மூலையில் அது அமர்கிறது. அங்கே இருந்தபடி வரிசைகளைப் பிணைத்து, 13 வரிசையுள்ள சரியான குழாய் உருவாகவும் குலையாமல் நிற்கவும் உதவுகிறது. பயணம் செய்யும் இளம் நரம்புக்கலங்களில் இந்தப் புரதம் நிறைய இருக்கும், இடம் சேர்ந்து முதிர்ந்தபின் குறைந்துவிடும். 1998இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே காலத்தில் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. கண்டுபிடிக்க வைத்தவை இப்படிப்பட்ட குடும்பங்கள்தாம்: இரட்டைப் பட்டியுள்ள தாய்மார், வழுவழுப்பான மூளையுள்ள ஆண்பிள்ளைகள். எலியில் அந்த மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தபோது மேற்பட்டை ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தது. எலியை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் புரதத்தின் முக்கியத்துவம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

இப்போது இந்தக் குழந்தைக்கு வருவோம். அவனுக்கு ஒரே எக்ஸ் நிறமூர்த்தம். அதிலுள்ள பிரதி பழுது. ஆகவே அவனது ஒவ்வொரு நரம்புக்கலமும் பழுதான டபுள்கோர்ட்டினோடு புறப்பட்டது. புறப்பட்டவை வழியில் தாமதித்தன, முந்தியவற்றைக் கடக்க முடியாமல் குவிந்தன. ஆறு படையாக அமைய வேண்டிய மேற்பட்டை ஒழுங்கற்ற தடித்த படையாகிவிட்டது. மடிப்பும் விழவில்லை.

தாய்க்கு இரண்டு எக்ஸ். பெண் கருவில் மிக ஆரம்பத்திலேயே ஒவ்வொரு கலமும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடுகிறது. எது மூடப்படும் என்பது கலத்துக்குக் கலம் வேறுபடும். இதை மேரி லயன் 1961இல் முன்வைத்தார். ஆகவே தாயின் மூளையில் இரண்டு வகை நரம்புக்கலங்கள். நல்ல பிரதி திறந்திருந்தவை மேலே போய் ஒழுங்கான மேற்பட்டையை அமைத்தன. பழுதான பிரதி திறந்திருந்தவை நடுவழியில் நின்று பட்டியாகின. அவரது எம்.ஆர்.ஐ. படத்தில் நாங்கள் கண்டது இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் கருவறையில் நடந்த அந்தப் பிரிவைத்தான். அந்தப் பட்டியில் நின்றவை உயிரோடு இருக்கின்றன, மற்றவற்றோடு இணைப்பும் வைத்திருக்கின்றன. அதனால்தான் வலிப்பு.

இடம் சேர்ந்த பிறகும் குழியவன்கூட்டின் வேலை முடிவதில்லை. நரம்புக்கலம் ஆக்சன் என்ற நீண்ட நீட்டத்தை அனுப்பத் தொடங்கும். அதன் நுனியில் இருக்கும் வளர்முனையை 1890இல் சந்தியாகோ ரமோன் இ கஹால் கோழிக்கருவின் முள்ளந்தண்டு வடத்தில் கண்டு விவரித்தார். சாயமேற்றிய இறந்த துண்டில் பார்த்தே அது அசையக்கூடியது என்று அவர் ஊகித்தார். 1907இல் ரோஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்பிழை உயிரோடு வளர்வதைக் காட்டி அந்த ஊகம் சரியென்று நிறுவினார். வளர்முனையின் விளிம்பில் அக்டின் விரல்கள் துழாவிப் பார்க்கும். ஏற்ற திசையில் நுண்குழாய்கள் பின்னால் வந்து நிலைக்கும். ஆக்சனில் டௌ புரதமும் கிளைநீட்டங்களில் மாப்-2 புரதமும் அந்த நுண்குழாய்களைத் தாங்குகின்றன. பிறகு நரம்பிழைப் புரதங்கள் சேர்ந்து ஆக்சனுக்குத் தடிப்பைக் கொடுக்கின்றன. ஆகவே இந்தக் குழந்தைக்குக் கலங்கள் இடம் மாறி நிற்பது மட்டுமே பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. அந்தத் தவறான இடத்திலிருந்து புறப்படும் இணைப்புகளும் தவறிப்போகின்றன.

நுண்குழாய் குலைந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது எங்கள் பகுதிக்கு வேறொரு வழியில் தெரிந்த விடயம். வேலியோரம் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கைத் தின்று நஞ்சாகி வருகிறவர்களை இலங்கையின் வைத்தியசாலைகள் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றன. அந்தக் கிழங்கில் இருப்பது கொல்சிசின். அது டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழாய் கட்டப்படுவதைத் தடுக்கிறது. 1960களில் விஞ்ஞானிகள் டியூபுலினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே கொல்சிசினைப் பிடித்துக்கொள்ளும் புரதம் எது என்று தேடித்தான். புற்றுநோய் வார்டில் பிள்ளைகளுக்கு ஏற்றும் வின்கிறிஸ்டினும் நுண்குழாயைத்தான் தாக்குகிறது. அந்த மருந்து எடுக்கும் பிள்ளைகள் சிலருக்குப் பாதம் தொங்கிப்போவதற்குக் காரணம், நீண்ட ஆக்சன்களுக்குள் பொருட்களைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் பாதிக்கப்படுவது.

மூன்று பழிகள்

எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

முதல் பழி தாய்மேல், அவரே போட்டுக்கொண்டது. “நான் குடிச்ச குளிசைதானே, டொக்டர்?” என்று கேட்டார். கணவரின் வீட்டாரில் சிலரும் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். இல்லை என்று அழுத்தமாகச் சொல்ல முடிந்தது. கார்பமசபினுக்கு ஒரு சிறு ஆபத்து உண்டு, முள்ளந்தண்டு மூடாமல் போவது. அது கருவுற்ற முதல் நான்கு வாரங்களில் நடந்து முடியும் விடயம், இந்தக் குழந்தைக்கு அது இல்லை. இவனது மூளையில் நடந்தது பல வாரங்கள் பிந்தி, பரம்பரையாக வந்த மாற்றத்தால். “தங்கச்சி, நீங்கள் அந்தக் குளிசையை நிறுத்தியிருந்தாலும் இவன் இப்படித்தான் பிறந்திருப்பான். நிறுத்தி, பெரிய வலிப்பு வந்திருந்தால் உங்கள் இரண்டு பேரின் உயிருக்கும் ஆபத்து வந்திருக்கும்” என்றேன்.

இரண்டாம் பழி அம்மம்மாமேல். தகப்பன் அவருடைய அண்ணன் மகன். தாய்க்கு மச்சான் முறை. “சொந்தத்துக்குள்ள கட்டிக் குடுத்தது நாந்தானே” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தார். நெருங்கிய உறவுத் திருமணம் சில நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது வரும் நோய்கள் அவை. இந்த நோய் அந்த வகை அல்ல. மகனுக்குத் தகப்பன் கொடுத்தது வை நிறமூர்த்தம், டபுள்கோர்ட்டின் இருக்கும் எக்ஸ் அல்ல. இந்தப் பெண் எந்த ஊரில் யாரைக் கட்டியிருந்தாலும் ஆண்பிள்ளைக்கு இதே வாய்ப்புத்தான். உறவுத் திருமணத்தைப் பற்றிப் பொதுவாக எச்சரிக்கிற நாங்கள், அது காரணமில்லாத இடத்தில் காரணமில்லை என்று சொல்லவும் கடமைப்பட்டவர்கள்.

மூன்றாம் பழி கர்ப்பகால ஸ்கான் பார்த்தவர்மேல். “அஞ்சாம் மாசம் பார்த்துட்டு எல்லாம் நல்லம் எண்டாங்க” என்று தகப்பன் கோபப்பட்டார். இருபதாவது வாரத்தில் எல்லாக் குழந்தைகளின் மூளையும் ஏறக்குறைய வழுவழுப்பாகத்தான் இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் அதற்குப் பிறகே விழுகின்றன. அந்த வாரத்து ஸ்கானில் இவனது மூளைக்கும் நல்ல மூளைக்கும் வேறுபாடு காண்பது மிகக் கடினம். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது தானே அதை இன்னொரு உறவினருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பழியை நீக்கும்போது புதிய பழியை வைத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். தாயிடமிருந்து வந்தது என்றால் தாய்தான் குற்றவாளி என்று கேட்கிறவர் காதில் விழும். அதனால் கணவன், மனைவி, அம்மம்மா மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, மரபணு மாற்றம் யாரும் செய்வது அல்ல, முட்டையோ விந்தோ உருவாகும்போது தானாக நேர்வது என்று படம் வரைந்து சொன்னோம்.

பரம்பரை வரைபடம் எழுதுவது மட்டக்களப்பில் ஒரு வகையில் சுலபம். இங்கே குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து இருப்பது வழக்கம். ஆகவே அம்மம்மாவுக்குத் தன் தாய், தாயின் தாய், அவர்களது சகோதரிகள், அந்தச் சகோதரிகளின் பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி அடுக்க முடிந்தது. எக்ஸ் வழி நோய்க்கு நமக்கு வேண்டியதும் பெரும்பாலும் அந்தப் பக்கந்தான். அவர்களில் வலிப்புள்ள பெண்ணோ, கைக்குழந்தையாக இறந்த ஆண்பிள்ளையோ இல்லை. அம்மம்மாவின் குருதியிலும் அந்த மாற்றம் இல்லை. மாற்றம் தாயிடமே புதிதாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் அம்மம்மாவின், அல்லது அம்மப்பாவின் இனப்பெருக்கக் கலங்களில் மட்டும் அது ஒளிந்திருக்கும் சிறு வாய்ப்பு உண்டு. கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த தாயின் தங்கைக்கு அதனால்தான் பரிசோதனை செய்தோம். அவரிடம் இல்லை.

வைத்தியம்

தசைப்பிடிப்புக்கு ஸ்டீரோயிட் மருந்தான பிரெட்னிசொலோனை அதிக அளவில் வாய்வழியாகத் தொடங்கினோம், நாளுக்கு 40 மில்லிகிராம். ஒரு வாரத்தில் நிற்காததால் 60 ஆக்கினோம். ஊசியாகப் போடும் ஏ.சி.ரி.எச். மருந்தோடு ஒப்பிட்டு இலங்கையிலேயே நடந்த ஆய்வு, வாய்வழிப் பிரெட்னிசொலோனுக்குச் சாதகமாக வந்தது. கொழும்பிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் எங்களுக்கு அது பெரிய உதவி. இரத்த அழுத்தம், சீனி, கிருமித் தொற்று மூன்றையும் வார்டில் வைத்துக் கவனித்தோம். வீட்டில் தானாகக் கொடுக்கும் மருந்து இல்லை இது.

இரண்டாம் வாரத்தில் வரிசையாக வரும் அசைவுகள் நன்றாகக் குறைந்தன. மருந்தைக் குறைத்தபோது கொஞ்சம் திரும்பின. விகாபற்றின் சேர்த்தோம், விழித்திரையைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் கண் பரிசோதனையோடு. இப்போது சில நாட்களில் ஒன்றிரண்டு வருகின்றன. சில நாட்களில் இல்லை.

பால் புரைக்கேறுவதுதான் இப்படிப்பட்ட குழந்தைகளின் உயிருக்குப் பெரிய ஆபத்து. எப்படி நிமிர்த்திப் பிடித்துக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தாதியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் தாய்க்கும் அம்மம்மாவுக்கும் சேர்த்தே பழக்கினார்கள். தடுப்பூசிகள் தொடர்கின்றன.

“நடப்பானா?” என்று தகப்பன் நேராகக் கேட்டார். நேராகவே பதில் சொன்னோம். நடப்பது, பேசுவது நடக்காது என்றே எதிர்பார்க்க வேண்டும். வலிப்பு முழுதாக நிற்காமல் போகலாம். ஆயுளும் குறையலாம். குரலை அறிவான், தொடுகையை அறிவான், நோகாமல் வைத்திருக்கலாம். இந்தியாவுக்குக் கொண்டுபோனால் சரியாகுமா என்றும் கேட்டார். வயலை ஈடு வைக்கத் தயாராக இருந்தார். மூளை அமைந்து முடிந்தபின் கலங்களை இடம் மாற்றும் வைத்தியம் மனிதருக்கு எங்கேயும் இல்லை. பிறந்த எலிக்குட்டிகளில் டபுள்கோர்ட்டினைத் திரும்ப இயங்கவைத்து, நின்றுபோன கலங்களில் ஒரு பகுதியை மறுபடி நகரச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அது நம்பிக்கை தரும் அறிவு, ஆனால் இன்று அதை நம்பி வயலை ஈடு வைக்க முடியாது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். வயல் தப்பியது என்பதில் எனக்கு மெய்யான நிம்மதி.

அடுத்த பிள்ளை

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இதேபோன்ற ஆண்பிள்ளை. நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் தாயைப் போன்ற பெண்பிள்ளை. மீதி அரைவாசி வாய்ப்பில் இந்த மாற்றம் இல்லாத பிள்ளை. மாற்றம் என்னவென்று எழுத்துக்கு எழுத்துத் தெரிந்திருப்பதால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சூல்வித்தகத்திலிருந்தோ, பிறகு பனிக்குட நீரிலிருந்தோ சோதிக்க வழி இருக்கிறது. ஆனால் சோதித்த பிறகு என்ன என்ற கேள்வி இலங்கையில் கடுமையானது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின்படி தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்புக்கு இடம் உண்டு. குழந்தைக்கு இப்படி ஒரு மூளைக் குறைபாடு உறுதியானாலும் சட்டம் அனுமதிக்காது. இதை மறைத்துவிட்டுப் பரிசோதனையை மட்டும் சொல்வது நேர்மையாகாது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொன்னோம். என் தனிப்பட்ட கருத்து, இந்தச் சட்டம் இப்படிப்பட்ட பெற்றோரைத் தனியே விட்டுவிடுகிறது.

தாயின் சொந்த வைத்தியமும் இதனால் தெளிவானது. இனி அவருக்கு இருப்பது காரணம் தெரியாத வலிப்பு அல்ல. கர்ப்பமாகக்கூடிய வயதில் இருப்பதால் சோடியம் வல்ப்ரோவேற் என்ற வலிப்பு மருந்துக்கு மாற்றக் கூடாது என்று கொப்பியில் பெரிதாக எழுதினோம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் கூடிய அளவில் எடுக்க வேண்டும் என்றும் எழுதினோம். பதின்ம வயதில் வலிப்பு தொடங்கி, சி.ரி.யில் ஒன்றும் தெரியாமல், வருடக்கணக்காகக் குளிசையோடு இருக்கும் பெண்கள் எங்கள் கிளினிக்குகளில் இன்னும் பலர். அவர்களுக்குக் கலியாணத்துக்கு முன், குறைந்தது முதல் கர்ப்பத்துக்கு முன், ஒரு நல்ல எம்.ஆர்.ஐ. கிடைக்க வேண்டும். பட்டி மெல்லியதாக இருந்தால் தேடிப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும், ஆகவே விண்ணப்பப் படிவத்தில் எதைத் தேடுகிறோம் என்று எழுதி அனுப்ப வேண்டும்.

கணவனும் மனைவியும் இரண்டு வருடமாவது பொறுத்திருக்க முடிவெடுத்திருக்கிறார்கள். கார்பமசபின் எடுக்கும் பெண்ணுக்குக் குடும்பத்திட்டமிடல் குளிசையின் பலன் குறைந்துவிடும். அது தெரியாமல் குளிசையை நம்பிக் கர்ப்பமானவர்கள் உண்டு. அதனால் குடும்பநல உத்தியோகத்தரோடு பேசி, அவர்களது பகுதிக் கிளினிக்கிலேயே லூப் போட ஏற்பாடு செய்தோம்.